உளுந்தும் முட்டையும் பந்தல் மூங்கிலும்

முதலில் காட்டிக்கொடுத்தது செருப்புதான். இடது செருப்பின் அடிப்பக்கம் வெளி ஓரத்தில் மட்டும் தேய்ந்து, உள் ஓரம் புதிதுபோல இருந்தது. மட்டமான செருப்பு என்று திட்டிவிட்டு வேறு ஜோடி வாங்கினேன். அதுவும் அப்படியே தேய்ந்தது. அதையும் திட்டினேன். அடுத்த ஜோடியும் அதே கதியானபோது கதவைச் சாத்திவிட்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பார்த்தேன்.

இடது முழங்கால் வெளியே பிதுங்கி, கணுக்கால் உள்ளே இழுத்து, கால் வளைந்து கிடந்தது. வலது காலுக்கும் அதற்கும் உறவே இல்லை. “சீ” என்று வாய்விட்டுச் சொன்னேன். என் காலைப் பார்த்து நானே சொன்னது அது.

முழங்கால் கோணிப்போய், “மூட்டை மாற்றிவிடலாம்” என்று யாரோ சொன்ன சொல்லோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் மொழிகளை எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இன்னும் குமட்டல் தீரவில்லை.

நாங்கள் இருப்பது கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில், தரைத்தள வீடு. சால்ட் லேக்கில் ஓர் அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் எனக்கு வேலை. கணவர் முருகேசன் ரயில்வேயில் இருக்கிறார். டாக்குரியாவில் என் அண்ணன் சிதம்பரம் மளிகைக்கடை வைத்திருக்கிறார். புளி, அப்பளம், மோர்மிளகாய், அரைத்த இட்லிமாவு என்று தெற்கத்திச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். கூடவே அறிவுரையும் கிடைக்கும், கேட்காமலே.

சில வருடங்களுக்கு முன் ஆவணி மழையில், ஆட்டோவிலிருந்து இறங்கும்போது உடைந்த நடைபாதைக் கல்லில் கால் மாட்டி விழுந்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பில் விரிசல். விரிசல் மூட்டுக்குள் போகவில்லை, எலும்பு விலகவும் இல்லை, நீங்கள் அதிர்ஷ்டக்காரர் என்றார் டாக்டர். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு போட்டார். காலை ஊன்றக் கூடாது, கட்டு நனையக் கூடாது என்று இரண்டே கட்டளைகள்.

துர்கா பூஜைக்கு முந்தின வாரம் கொட்டிய மழையில் தெருத் தண்ணீர் சாக்கடையையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தது. கட்டில்கால் முங்கியதும், முருகேசனும் அண்ணனும் என்னை நாற்காலியோடு தூக்கி மாடியில் இருக்கும், நாங்கள் பௌதி (அண்ணி) என்று கூப்பிடும் வங்காளி அம்மாள் வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். வாசலில் நாற்காலி சாய்ந்தது. கட்டுப் போட்ட கால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் முங்கி எழுந்தது.

அன்றிலிருந்து நாற்றம். ஊறிய கட்டு காயவும் மாட்டாமல் கழலவும் மாட்டாமல் என் உடம்புச் சூட்டிலேயே புழுங்கிக்கொண்டிருந்தது. பீரோவுக்கு அடியில் எலி செத்தால் எப்படியோ அப்படி. ஆனால் எலியை எடுத்துப் போட்டுவிடலாம். உள்ளே அரித்தது. ஸ்வெட்டர் பின்னும் ஊசியை விட்டுச் சொறிந்தேன். ஊசி நுனியில் வந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை.

டாக்டர் பூஜை விடுமுறைக்கு மலைப்பக்கம் போய்விட்டார். இந்த ஊரில் பூஜை நாளில் பாதிப் பேர் சுற்றுலா போவார்கள், மீதிப் பேர் பந்தல் வரிசையில் நிற்பார்கள். எங்கள் தெருவையே மூங்கில் தடுப்பு கட்டி அடைத்திருந்தார்கள். ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார் முருகேசன். அண்ணன் விடவில்லை.

“அங்க இப்ப படிப்பு முடிக்காத பயலுவதான் இருப்பானுவ. நம்ம ஊர்க் கட்டு போட்டா ஒரு மண்டலம்கூட வேண்டாம், எலும்பு கல்லு மாதிரி இறுகிரும். அப்பாவுக்குக் கை ஒடிஞ்சத மறந்துட்டியாளா?”

மறக்கவில்லை. அப்பாவின் கை நன்றாகத்தான் கூடியது. ஆனால் அதைக் கட்டியவர் தலைமுறையாக எலும்பு கட்டியவர். அண்ணன் தலைமுறையாகப் புளி விற்பவர். இதைச் சொல்லவும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அரிவாளை எடுத்தார்.

தேங்காய் உடைக்கும் அரிவாளால் மாவுக்கட்டைப் பிளந்தார். உள்ளே இருந்த கால் வெளுத்து, சுருங்கி, தோல் பாலாடைபோல உரிந்து வந்தது. முருகேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடையிலிருந்து உளுத்தம் மாவு வந்தது. ஊரிலிருந்து யாரோ எப்போதோ கொண்டுவந்த எண்ணெய் வந்தது. பிறகு முட்டை வந்தது. நாங்கள் மரக்கறி சாப்பிடும் குடும்பம். முட்டை சேர்த்த பிஸ்கட்டைக்கூட அண்ணன் கடையில் அடுக்கமாட்டார். அப்படிப்பட்டவர் வெள்ளைக்கருவை உளுந்து மாவில் குழைத்து, துணியில் தடவி, என் கால்மேல் சுற்றினார். வரிந்து கட்ட மூங்கில் பத்தை வேண்டுமே. தெருவுக்குப் போய், பந்தல் கட்டி மிஞ்சிய மூங்கிலைக் கேட்டு வாங்கி, கீறி எடுத்துவந்தார். வெளியே டாக் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மேளச் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

இரண்டொரு நாளில் எறும்பு வந்தது.

விடுமுறை முடிந்து டாக்டர் திரும்பியபோது, ஒருமுறை காட்டிவிட்டு வரலாம் என்றார் முருகேசன். கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தால் கூடின எலும்பும் பிரிந்துவிடும் என்றார் அண்ணன். தீபாவளியை ஒட்டி வரும் காளி பூஜைக்கு அவரே கட்டைப் பிரித்தார். “நடளா, நடந்தாத்தான் இறுகும்” என்று கையைப் பிடித்து இழுத்தார். வலித்தது, நடந்தேன். முழுதாக இறுகாத எலும்பின்மேல் என் முழு எடையும் இறங்கியது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, சாய்ந்த நிலையிலேயே இறுகியது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் என் காலைப் பற்றிப் பெருமை பேசினார். இப்படித்தான் செருப்பு தேய ஆரம்பித்தது.

இரண்டு வருடம் தள்ளினேன். முழங்காலின் உட்பக்கம் வலி ஊசியாகத் தொடங்கி உலக்கையாக வளர்ந்தது. அலுவலகப் படியில் ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் பொறுமையில்லாமல் மூச்சு விடுவது கேட்கும்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முழங்கால் பிரிவின் நடைவழியில் பினாயில் நாற்றமும் கேன்டீன் பொரியல் நாற்றமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மடியில் எக்ஸ்ரே உறையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் காலைத்தான் பார்த்தார்கள், முகத்தை யாரும் பார்க்கவில்லை. உள்ளே இருந்த பெரிய டாக்டர் என் காலையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, “மாற்றிவிடலாம்” என்றார். தேதி வேண்டுமானால் வெளியே கேளுங்கள் என்றார். எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. நாற்காலிக் காலை மாற்றுவதுபோல ஒரு பேச்சு.

மூட்டு மாற்று மோசம் என்று நான் சொல்லவில்லை. மூட்டே அழிந்துபோனவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் என் மூட்டு அழிந்துவிட்டதா என்று ஒருவராவது பார்த்துச் சொல்லவேண்டாமா? என் சொந்த மூட்டு என்னிடமே இருக்குமா, இருக்காதா. அதன்பிறகு எனக்கு வேறு எந்தக் கேள்வியும் முக்கியமாகப் படவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வயதில் சின்னவர். காலணியைக் கழற்றச் சொன்னார். நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஒரே நீளப் படமாக எடுக்கச் சொன்னார். அதில் இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்கால் நடுவுக்கு ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோடு முழங்காலின் நடுப்பகுதி வழியாகப் போகவேண்டும். எனக்கு உள் ஓரத்தை உரசிக்கொண்டு போனது.

அவர் வங்காளத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: “கதவு நன்றாகத்தான் இருக்கிறது. நிலை சாய்ந்துவிட்டது. அதனால் கதவு ஒரு பக்கம் உரசித் தேய்கிறது. நான் கதவை மாற்றப்போவதில்லை, நிலையை நிமிர்த்தப் பார்க்கிறேன்.”

எனக்கு இருந்தது மால்யூனியன் (எலும்பு கூடிவிட்டாலும் கோணலாகக் கூடியிருப்பது). அதனால் வந்தது வேரஸ் (முழங்கால் வெளியே வளைந்து, எடையெல்லாம் உட்பக்கமே இறங்குவது). செய்யப்போவது ஆஸ்டியாட்டமி (எலும்பை வெட்டி, கோணத்தைச் சரிசெய்து, தகடும் திருகும் வைத்துப் பிடிக்கும் அறுவை).

“மறுபடியும் உடைக்கப்போகிறீர்களா?” என்று கேட்டேன்.

“வெட்டப்போகிறேன். உடைப்பது வேறு” என்றார். “முதலில் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டு உள்ளே பார்ப்பேன். வெளிப்பக்கக் குருத்தெலும்பும் போயிருந்தால் இதைச் செய்து பயனில்லை. வெட்டிய இடம் கூடாமல் போகவும் வாய்ப்பு உண்டு. எழுதிக் கொடுக்கமாட்டேன். ஆனால் இன்னும் சில வருடம் தள்ளினால் இந்த வழியும் அடைந்துவிடும்.”

உறுதி கொடுக்காத டாக்டரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவரையே நம்பினேன்.

அறுவை பனிக்காலத்தில் நடந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். நினைவு முழுதாக இருந்தது. என் முகத்துக்கு முன்னே ஒரு பச்சைத் துணித் திரை. அதற்கு அந்தப் பக்கம் என் கால் இருந்தது, ஆனால் என்னுடையதாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் தலை திரைக்கு மேலே தெரிந்தது. “வெளிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஆரம்பிக்கிறேன்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மயக்க மருந்து டாக்டர் பஞ்சால் என் கண்ணைத் துடைத்தார், வேறு எதையோ துடைப்பதுபோல.

பிறகு ரம்பச் சத்தம். வலியில்லை, ஆனால் அதிர்வு தாடைவரை வந்தது. கருகின நாற்றம் வந்தது. அது என் எலும்பு, என் சதை. திரைக்கு அந்தப் பக்கம் இருவர் நொலேன் குர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பனிக்காலத்தில் இங்கே வரும் புது ஈச்சவெல்லம் அது. எந்தக் கடை சந்தேஷ் இனிப்பில் அது நிஜமாகவே கலந்திருக்கிறது, எதில் வெறும் வாசனை என்று நிதானமான விவாதம். அவர்களுக்கு அது அலுவலகம், பேசத்தான் செய்வார்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றுவரை நொலேன் குர் வாசனை வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். கொல்கத்தாவில் பனிக்காலம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்வது லேசில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சந்தேஷையே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள்.

அறுவைக்குப் பிறகான நாட்களைப் பற்றி மற்றவர்கள் அழகாக எழுதுவார்கள். நான் அப்படி எழுதமாட்டேன். படுக்கையில் வைக்கும் மலச்சட்டி. அதை எடுக்க வரும் ஆயா, வெற்றிலை மென்ற வாயோடு “ஹோயேச்சே?” (ஆச்சா?) என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி விசாரிப்பது. இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் ஊசி. கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிக் கிடக்கும் கால். கட்டு மாற்றும்போது ஒட்டிக்கொண்டு வரும் பஞ்சு. முருகேசன் அப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பியே நின்றார். “நீ சொல்லு, நான் கேட்டுக்கிடுதேன். பாக்கத்தான் முடியல” என்றார். நானும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணன் வந்தார். தகடு வைத்த எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார்.

“அன்னைக்கே எலும்பு கல்லு மாதிரி கூடிட்டுல்லா. அதான் இன்னைக்கு இவங்களுக்கு வெட்ட ஒரு எலும்பு இருக்கு” என்றார்.

அதைக் கேட்டதும் வந்த குமட்டல், ரம்பச் சத்தத்துக்கும் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மருந்து மயக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இந்தப் பாதையில் வரப்போகிறவர்களுக்குச் சில உண்மைகள். வெட்டிய இடத்தில் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி இருக்கும், அது மெதுவாகத்தான் நிரம்பும். தொடைத் தசை கரைந்து காணாமல்போகும். “தொடையை இறுக்குங்கள்” என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார். நீங்கள் உயிரைக் கொடுத்து இறுக்குவீர்கள், அங்கே ஒன்றுமே அசையாது. காலில் எவ்வளவு எடை இறக்கலாம் என்பதை எனக்கு எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்துப் பழக்கினார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வலது காலைப் பலகைமேலும் இடது காலை இயந்திரத்தின்மேலும் வைத்து, முள் குறித்த இடத்தைத் தாண்டாமல் நிற்கவேண்டும். சொந்தக் காலையே புளி நிறுப்பதுபோல நிறுத்துக்கொண்டிருந்தேன்.

சுளுக்கு எடுப்பவர், எண்ணெய் தருபவர், “எங்க வீட்டுப் பக்கத்துல ஒருத்தருக்கு” என்று ஆரம்பிப்பவர், எல்லோரும் வருவார்கள். வாசலிலேயே நிறுத்துங்கள். மரியாதை கெட்டாலும் எலும்பு கெடாது.

டாக்டரிடம் போகும்போதெல்லாம் ஒரு படம். இடைவெளி கறுப்பாக இருந்தது. பிறகு ஓரத்தில் லேசாக மங்கியது. பிறகு பால்மேல் ஏடு படிவதுபோல வெள்ளை படிந்தது. அலுவலகத்தில் மாதக் கடைசி வந்தது, போனது. என் எலும்புக்கு அந்த மாதமெல்லாம் கணக்கில் இல்லை. அதற்கென்று ஒரு பஞ்சாங்கம் இருந்தது. நான் அவசரப்பட்டால் அது பதில் சொல்லவில்லை, பயந்தாலும் சொல்லவில்லை. வேனில் கடந்து மழை தொடங்கியபோது, டாக்டர் மறுபடி நிற்கவைத்து நீளப் படம் எடுத்தார். கோடு முழங்காலின் நடுவைத் தாண்டி, கொஞ்சம் வெளிப்பக்கமாகவே போனது. தேய்ந்த பக்கத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமென்றே அப்படி வைத்ததாகச் சொன்னார். “உங்கள் மூட்டு உங்களிடமே இருக்கிறது. எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள்” என்றார். கேட்கவில்லை.

காலைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முழங்காலின் உட்பக்கம் கீழே இறங்கும் தழும்பு, தோலுக்கு அடியில் விரலுக்குத் தட்டுப்படும் தகட்டின் விளிம்பு. குளிக்கும்போது அந்த இடத்தைத் துணியைச் சுற்றித்தான் தேய்த்தேன். முருகேசனுக்கும் காட்டவில்லை. கால் நேராகிவிட்டது, அருவருப்பு நேராகவில்லை.

அடுத்த பூஜைக்கு முன்னால் தெருவில் மூங்கில் வந்து இறங்கியது. அந்த வாரம்தான் செய்தி வந்தது. கடை வாசலில் சிந்திய எண்ணெயில் வழுக்கி விழுந்து அண்ணனுக்குக் கை ஒடிந்துவிட்டது.

டாக்குரியாவில் அவர் வீடு இரண்டாம் மாடி. கால் கோணிய பிறகு நான் அந்தப் படி ஏறியதில்லை. ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது கெட்ட கால் முன்னே என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்திருந்தார். அதைச் சொல்லிக்கொண்டே ஏறினேன்.

அண்ணன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. ஈரம் படாமலிருக்க மேலே பாலித்தீன் பை சுற்றியிருந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி உறை. எண்ணெய் நாற்றம் இல்லை, உளுந்து இல்லை, முட்டை இல்லை.

“எங்க காட்டினீங்க?” என்று கேட்டேன்.

“உன் டாக்டர்ட்டதான். விழுந்த அன்னைக்கே ஆட்டோவப் பிடிச்சு ஓடிட்டேன். நல்ல மனுஷன்.”

“ஏன் அண்ணே, நம்ம ஊர்க் கட்டு? தெருவுல மூங்கில் வந்துருக்கே. நான் வேணும்னா கீறிக் கொண்டாரேன்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு, ரொம்ப இயல்பாக, தராசில் எடைக்கல் வைப்பதுபோலச் சொன்னார்:

“இல்லளா, இது வலது கைல்லா. கோணிப்போச்சுன்னா கடை என்னாவும்?”

அவருக்குத் தாம் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. சமையலறை வாசலில் காபியோடு நின்ற மதினிக்குத் தெரிந்தது. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் அங்கேயே நின்றாள்.

நான் முக்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டேன். இடது காலைத் தூக்கி அதன்மேல் வைத்து, புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றினேன்.

“தொட்டுப் பாருங்க.”

“என்னளா இது, வேண்டாம்.”

“அன்னைக்கு முட்டையும் மாவும் பூசினது இந்தக் கால்லதான். இன்னைக்கும் தொடுங்க.”

“தொடுங்க” என்றாள் மதினி.

இடது கையை நீட்டி, ஒரே ஒரு விரலால் தொட்டார். தகட்டின் விளிம்பு தட்டுப்பட்டதும் விரல் நின்றது. முகம் சுளித்தது. கையை வெடுக்கென்று எடுத்து, அந்த விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

குளியலறையில் துணி சுற்றித் தேய்க்கும் என் கை நினைவுக்கு வந்தது. சீ என்று வந்தது எனக்கு. இந்த முறை என் கால்மேல் வரவில்லை. அவர் விரல் பட்ட இடத்தை என் உள்ளங்கையால், துணியில்லாமல், அழுத்தித் தேய்த்துவிட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. புடவையை இறக்கினேன். காபி ஆறிவிட்டது என்றாள் மதினி, வேறு போட்டுத் தருவதாகச் சொன்னாள். குடித்துவிட்டே கிளம்பினேன்.

படி முனைக்கு வந்து கைப்பிடியைப் பிடித்தேன். இறங்கும்போது கெட்ட கால் முன்னே. எது கெட்ட கால் என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கீழேயிருந்து யாரோ மேலே வர வழிவிடச் சொன்னார்கள், ஏதோ ஒரு காலை வைத்து இறங்கினேன்.